அகப்பைப் பீரங்கி

எங்கள் சந்துக்குத் தனியாகப் பெயர் இல்லை. காரைக்குடியில் தேனம்மை ஆச்சி வீட்டின் பக்கச் சுவர் எங்கே தொடங்குகிறதோ அங்கே எங்கள் சந்து தொடங்கும். சுவர் முடிகிற இடத்தில் சந்தும் முடிந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆச்சியின் மாளிகை. இந்தப் பக்கம் வரிசையாக ஓட்டு வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. அடுத்தது சைதுன் பீவி அக்காவின் வீடு. இந்தக் கதை அவளைப் பற்றியது. பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, ஆச்சி வீட்டில் வேலை பார்க்கும் மருது அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

சைதுன் அக்கா ஜாக்கெட் தைப்பவள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு அவள்தான் தைக்கிறாள். ஆச்சிக்கும் அவள்தான். ஒரு பொருளை எதற்காகச் செய்தார்களோ அதற்கு மட்டும் பயன்படுத்துவது அவளுக்குப் பிடிக்காது. துணி கிழிந்த குடையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அதன் கம்பிகளில் குழந்தைத் துணி காயப்போடுவாள். மகள் ஜரீனா கைக்குழந்தையாக இருந்தபோது தையல் மிஷினின் மிதிபலகையிலிருந்து தொட்டிலுக்குக் கயிறு கட்டியிருந்தாள். அக்கா மிதித்தால் துணியும் தைபடும், தொட்டிலும் ஆடும். ஜாக்கெட் அவசரமென்றால் குழந்தையும் அவசர அவசரமாக ஆடும்.

கணவர் முகைதீன் பிச்சை மலேசியாவில் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தார். ஜரீனா வயிற்றில் இருக்கும்போது கப்பலேறியவர். ஜரீனாவுக்கு அப்பா என்றால் இரண்டு பொருள்கள்: சுவரில் ஒரு போட்டோ, அதன் கீழே பழைய சேலை போர்த்தி நிறுத்திய ஒரு சைக்கிள். வெள்ளிக்கிழமை தோறும் அக்கா அந்தச் சேலையை நீக்கி, சைக்கிளைத் துடைத்து, மறுபடி போர்த்துவாள். ஜரீனா பக்கத்தில் நின்று மணியை ஒரு தடவை அடிப்பாள். "அத்தா சைக்கிளு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். அத்தா எப்படிப் பேசுவார் என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு மணியை அடித்துக் காட்டுவாள்.

எழுபத்திரண்டாம் வருசம் தை மாதம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் சில நாள் இருந்தது. ஈப்போவிலிருந்து சாதிக் அலி என்பவர் ஊருக்கு வந்தார். முகைதீன் பிச்சையோடு அதே கடையில் வேலை செய்தவர். அக்காவிடம் ஒரு டிரான்சிஸ்டரைக் கொடுத்துவிட்டு ஒரு செய்தியும் சொன்னார்.

"பெருநாளன்னைக்குச் சாயங்காலம் அங்குட்டு ரேடியோவுல நம்ம ஆளுக பேசுறாகக்கா. ஊருல இருக்கவுகளுக்கு சலாம் சொல்றது. அண்ணன் போயி பேசிப் பதிஞ்சிட்டு வந்திருக்காக."

"அவுக குரலா? இதுக்குள்ளயா?"

"அவுக குரலுதான். ஆளுக்குக் கொஞ்ச நேரம். ஒரே தடவைதான் போடுவாக. தவற விட்றாதீக."

அன்று சாயங்காலமே அக்கா டிரான்சிஸ்டரைத் திருகிப் பார்த்தாள். வடை பொரிகிற சத்தம்தான் வந்தது. சாதிக் அலி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார், திண்டாடினார், கடைசியில் ஆச்சி வீட்டைக் காட்டினார். "இம்மாம் பெரிய வீடு முன்னால மறைக்குதுல்ல. உசரமா ஒரு கம்பி இழுக்கணுங்கா. அந்த வேப்பமரத்து உச்சியில கட்டுனா போதும், கணீர்னு கேக்கும்."

வேப்பமரம் சந்தின் ஓரத்தில், ஆச்சி வீட்டுச் சுவரை ஒட்டி நின்றது. நல்ல உயரம். ஆனால் நடுமரத்தில் கதண்டு கூடு கட்டியிருந்தது. கடித்தால் ஆளையே சாய்த்துவிடும் கருவண்டு அது. மரம் ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் கூட்டை அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் தங்களுக்கு வேறு வேலை இருப்பது ஞாபகம் வந்து போய்விட்டார்கள்.

"ஏற வேண்டாம்" என்றாள் அக்கா. "ஒரு கொப்புக்கு மேலால நூலை எறிஞ்சுட்டா, அந்த நூல்ல கம்பியைக் கட்டி இழுத்துக்கலாம்."

முதலில் கையால் எறிந்தாள். கல் மரத்துக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. அவளுடைய நாத்தனார் ரஹீமா அந்தப் பக்கத்து வீட்டில் இருப்பவள். வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். "மதினி, அண்ணன் இருக்கது ஈப்போவுல. நீங்க எறியுற கல்லு எங்க வீட்டுக்கே வரலையே" என்றாள்.

பையன்களிடம் கவட்டை வாங்கி அடித்துப் பார்த்தாள். கல் போனது, ஆனால் நூல் ரப்பரில் சிக்கி அறுந்தது. ஒரு கல் அக்கா வீட்டு ஓட்டையே உடைத்தது. கல் வேண்டாமென்று அன்றே முடிவு செய்தாள்.

அதன்பின் ஒரு மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று மிதிப்பதை நிறுத்தினாள். ஆச்சி வீட்டில் கதவு வேலைக்கு வந்த ஆசாரி வைத்திருந்த ரம்பம் அவளுக்கு ஞாபகம் வந்ததாம். அந்த ரம்பத்தின் அலகு தொய்யாமல் இருக்க மேலே இரட்டைக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் சொருகி முறுக்கியிருப்பார்கள். ஒருநாள் குச்சி நழுவி, பளாரென்று சுற்றி வந்து ஆசாரியின் மோவாயில் அடித்தது. சந்தே சிரித்தது. "அந்தக் குச்சிக்கு மோவாயில அடிக்கத் தெம்பிருந்தா, நூலை எறியவும் தெம்பிருக்கும்ல?" என்றாள் அக்கா.

அவள் செய்ததை அப்படியே சொல்கிறேன். வீட்டிலிருந்த நாலுகால் ஸ்டூலைக் கவிழ்த்து, கால்கள் வானத்தைப் பார்க்க வைத்தாள். முன்கால்கள் இரண்டுக்கும் நடுவில் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றினாள். சுற்றின கயிற்றின் நடுவே சிரட்டை அகப்பையின் காம்பைச் சொருகி, அகப்பையையே பிடித்துத் திருகித் திருகி முறுக்கேற்றினாள். அதே இரண்டு கால்களின் உச்சியில் குறுக்காக ஒரு கட்டையைக் கட்டினாள். அகப்பையைப் பின்னால் தரைவரை இழுத்து விட்டால், அது எழும்பி வந்து கட்டையில் மோதி நிற்கும். அகப்பை நிற்கும், அதிலிருக்கும் பொருள் நிற்காது. ஸ்டூல் குப்புற விழாமலிருக்க அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.

குறுக்குக் கட்டையாக முதலில் அவள் கட்டியது துணி அளக்கும் கோல். ஒரே அடியில் இரண்டாகப் போயிற்று. அப்புறம் உடைந்த உலக்கைத் துண்டு ஒன்றைக் கட்டினாள். எறிவதற்கு, பெருநாளுக்கு ஊறுகாய் போட வாங்கிய எலுமிச்சம்பழம். சிரட்டைக்குள் அது கச்சிதமாக உட்கார்ந்தது. ஓட்டில் விழுந்தாலும் ஓடு உடையாது.

முதல் பழம் நேராகப் பறந்து, அப்போதுதான் கதவைத் திறந்த ரஹீமாவின் தோளை உரசிக்கொண்டு வீட்டுக்குள் போனது.

"யா அல்லா! மதினி, ஊறுகா வேணும்னு நான் கேட்டேனா?"

"நீ ஏன் அங்குட்டு நிக்கிறே?"

"நான் எங்க வீட்டுல நிக்கிறேன்!"

ஸ்டூலின் முன்பக்கத்துக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கினால் பழம் மேலே போகும் என்று அக்கா கண்டுபிடித்தாள். மேலேயும் போனது. ஆனால் மரத்தின் பாதிக்கு மேல் ஏறவில்லை. தேங்காய் நார்க் கயிறு இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு சொங்கிப்போனது. எத்தனை முறுக்கினாலும் துள்ளவில்லை. "ரப்பர் இருந்தா துள்ளும்" என்றாள். கடைகளில் பழைய டியூப் கேட்டாள். கிடைத்ததெல்லாம் வெடித்து, தொட்டால் உதிர்கிற டியூப்.

பெருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா வெகுநேரம் சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. ஜரீனா வந்து மணியடிக்கக் கை நீட்டினாள். அக்கா அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு சேலையை நீக்கி, டயரைக் கழற்றி, டியூபை உருவினாள். இத்தனை வருசம் வீட்டுக்குள்ளேயே நின்றதால் டியூப் மெத்தென்று இருந்தது. துணி வெட்டும் கத்தரியால் நீளநீளமாக நறுக்கினாள்.

ரஹீமா அதைப் பார்த்துவிட்டாள். கேலி பேச வாயெடுத்தவள் பேசவில்லை. "அண்ணன் சைக்கிள்ல உசுரையே வச்சிருந்தாகளே மதினி" என்றாள்.

"அவுக குரலைக் கேக்குறதுக்குத்தான வெட்டுறேன்" என்றாள் அக்கா.

பெருநாள் விடிந்தது. தொழுகை முடிந்து, நெய்ச்சோறும் இறைச்சியும் வீடு வீடாகப் போய்வந்து, சந்து முழுக்க நெய் மணத்தது. ரேடியோ பேச்சு சாயங்காலம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா பெருநாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் ஸ்டூலைக் கவிழ்த்தாள். ரப்பர் போட்ட அகப்பை உறுமியது. ஆனால் வேறொரு தொல்லை வந்தது: எறிகிற வேகத்தில் நூல் பழத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பழம் ஒரு திசையில் போனது, நூல் இங்கேயே கிடந்தது. அக்கா கோணி ஊசியை எடுத்தாள். ஊசியில் நூலைக் கோத்து, ஊசியைப் பழத்துக்குள் பாதி வரை செருகி, அப்படியே விட்டாள். இனி நூல் வழுக்காது.

அகப்பையில் பழத்தை வைத்தாள். நூலைச் சிக்காமல் ஒரு சாக்கின்மேல் வளையம் வளையமாகப் போட்டாள். முன்பு மரம் எட்டவில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். அதற்குமேல் இன்னும் கொஞ்சம்.

"போதும் மதினி, ஸ்டூலு அழுகுது" என்றாள் ரஹீமா.

"பிஸ்மில்லா" என்று அக்கா விட்டாள்.

தடாலென்று உலக்கைத் துண்டு அதிர்ந்தது. பழம் வேப்பமரத்துக்கு இடது பக்கமாக, அதன் உச்சிக்கும் மேலே போயிற்று. சாக்கிலிருந்து நூல் சரசரவென்று ஓடியது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழம் ஆச்சி வீட்டுக் கூரையைத் தாண்டி மறைந்தது.

"ஈப்போவுக்கே போயிருச்சு" என்றாள் ரஹீமா.

அது போய் விழுந்த இடத்தை மருது அண்ணன் வாயால் கேட்க வேண்டும். ஆச்சி வீட்டு வளவில், நடுவே வானம் தெரியும் அந்தப் பெரிய முற்றத்தைச் சுற்றி, அன்று ஜமுக்காளம் விரித்திருந்தது. ஆச்சியின் மகளுக்கு அமராவதிபுதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் மெய்யநாதன் செட்டியார் அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து அவருடைய தங்கை பேசிக்கொண்டிருந்தார். காபி கொஞ்சம் ஆறியிருந்தது, முறுக்கில் ஒன்று உடைந்திருந்தது, எல்லாம் அவர் கண்ணில் பட்டிருந்தது. தேதி குறிக்கிற நேரம். அப்போது வானத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வெற்றிலைத் தட்டில் 'ணங்' என்று விழுந்து, தரையில் உருண்டு, செட்டியாரின் காலடியில் நின்றது.

ஊசி குத்திய எலுமிச்சம்பழம். ஊசியில் நூல்.

"ஆத்தாடி!" என்று தங்கை காலைத் தூக்கி ஜமுக்காளத்தின் மேல் வைத்துக்கொண்டார். "செய்வினை! எவளோ நல்ல காரியத்துல செய்வினை வச்சுட்டா! அண்ணே, தொட்றாதீக!"

யாரும் தொடவில்லை. ஆனால் பழம் அசைந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மெல்ல மெல்லத் தானாகவே முற்றத்தைக் கடந்து ஊர்ந்தது. இந்தப் பக்கம் சந்தில், அக்கா நூலை அலுங்காமல் இழுத்துக்கொண்டிருந்தாள். பழம் கூரையில் எங்கோ கிடக்கிறது என்று அவள் நினைப்பு. அங்கே பழம் சுவரோரம் போய், தரையை விட்டுக் கிளம்பி, அந்தரத்தில் ஏறத் தொடங்கியது. சமையல்கார அம்மா கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். மருது அண்ணனும் ஓடினாராம். அதை மட்டும் அவர் மெதுவாகத்தான் சொல்வார்.

தேனம்மை ஆச்சி ஓடவில்லை. எழுந்து போய், இடுப்பு உயரத்தில் ஏறிக்கொண்டிருந்த பழத்தை லபக்கென்று பிடித்தார். ஒரு இழு இழுத்தார்.

சந்தில் அக்காவின் கை முன்னால் போயிற்று. "ஏ ரஹீமா, அங்குட்டு யாரோ இழுக்குறாக!"

"விடாதீக மதினி!"

அக்கா இழுத்தாள். ஆச்சி இழுத்தார். ஆச்சி நூலை விரலில் சுற்றிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பச்சை நூல். தன் ஜாக்கெட்டின் கையைத் திருப்பிப் பார்த்தார். அதே பச்சை.

"செய்வினையும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றார். "இது என் ரவிக்கை நூலு. மருது, எங்க ஓடுறே? பக்கக் கதவைத் திற."

பூட்டியே கிடக்கும் அந்தக் கதவு சந்துக்குத் திறந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு கையில் எலுமிச்சம்பழத்தோடு ஆச்சி வந்து நின்றார். பின்னால் மருது அண்ணன், அவருக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார். எதிரே கவிழ்த்த ஸ்டூல், அம்மிக்குழவி, அகப்பை. பெருநாள் சேலையில் நூலைக் கையில் பிடித்தபடி சைதுன் அக்கா. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன ஆத்தா இது?"

"பீரங்கி ஆச்சி, பீரங்கி!" என்றார் மருது அண்ணன்.

அக்கா தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். ரேடியோ, சாயங்காலம், கம்பி, கதண்டு. சொல்லும்போதே வெயில் சாய்வதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். ஜரீனா அவள் சேலைக்குள் ஒளிந்துகொண்டு ஒரு கண்ணால் ஆச்சியைப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளை அவுக அத்தா குரலைக் கேட்டதே இல்லை ஆச்சி" என்றாள் அக்கா கடைசியில்.

ஆச்சி குனிந்து ஜரீனாவைப் பார்த்தார். அவருடைய வீட்டுக்காரர் பர்மாவிலேயே வருசக்கணக்காக இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். "எனக்கு வெறும் காகிதந்தான் வந்துக்கிட்டிருந்துச்சு" என்றார். "குரலு எப்படி இருக்கும்னே மறந்து போச்சு." உடனே குரலை உயர்த்தினார். "ஏத்தா, மரத்து உச்சி எதுக்கு? என் மொட்டை மாடி அதை விட உசரமில்லையா? ஸ்டூலைக் கேட்டிருக்கே, அகப்பையைக் கேட்டிருக்கே, எலுமிச்சம்பழத்தைக் கேட்டிருக்கே. என்னைக் கேக்கத் தோணலையா உனக்கு?"

உண்மையில் யாருக்குமே தோன்றவில்லை. எங்களுக்கு அந்த வீடு ஒரு சுவர். சுவரிடம் போய் யார் உதவி கேட்பார்கள்?

மாப்பிள்ளையின் அத்தைக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. "இருந்தாலும் அண்ணே, நல்ல காரியத்துல ஊசி..." என்று தொடங்கினார். அதுவரை வாய் திறக்காத மெய்யநாதன் செட்டியார் ஆச்சியின் கையிலிருந்த பழத்தை வாங்கினார். ஊசியை உருவி அக்காவிடம் கொடுத்தார். பழத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பெரியவுகளைப் பார்த்தா எலுமிச்சம்பழம் குடுக்குறது மரியாதை. இந்தப் பொண்ணு கொஞ்சம் எட்டத்துல இருந்து குடுத்திருக்கு. தேதியைக் குறிங்க ஆச்சி" என்றார்.

மருது அண்ணன் மாடிக்கு ஓடினார். நூல் ஏற்கெனவே கூரைமேல் கிடந்ததால் வேலை சுலபமாயிற்று. அக்கா இந்த முனையில் செம்புக் கம்பியைக் கட்டினாள். அவர் மேலிருந்து நூலை இழுத்து, கம்பியை மாடியின் உச்சியில் வரிந்து கட்டினார். ரேடியோ கேட்க வந்துசேர்ந்த சாதிக் அலி கம்பியின் மறுமுனையை டிரான்சிஸ்டரின் ஏரியலில் சுற்றினார். வடை பொரிகிற சத்தம் குறைந்தது. ஒரு பாட்டு வந்தது. கணீரென்று வந்தது.

ஊர் ஊராகப் பெயர் சொன்னார்கள். பக்கக் கதவில் ஆச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ரேடியோக்காரர் சொன்னார்: "காரைக்குடி முகைதீன் பிச்சை."

ஒரு செருமல். பிறகு ஒரு கரகரத்த குரல், யாரோ அதட்டிப் பேசச் சொன்னதுபோல: "அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் நல்லா இருக்கீகளா? நான் நல்லா இருக்கேன். ஜரீனா, அத்தா பேசுறேன்மா." அப்புறம் ஒன்றும் வரவில்லை. சொல்ல நினைத்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். திடீரென்று அவசர அவசரமாக: "சைதுனு, சைக்கிளுக்குக் காத்து அடிச்சு வையி. நோன்புக்கு முந்தி வந்துர்றேன்."

அடுத்த பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

எல்லோர் கண்ணும் ஸ்டூலுக்குப் போயிற்று. சைக்கிள் டியூப் துண்டு துண்டாக முறுக்கிக்கொண்டு அதன் கால்களில் இருந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"எதுல காத்து அடிப்பீக மதினி? அகப்பையிலயா?" என்றாள் ரஹீமா. அவள் கண்ணிலும் தண்ணீர்.

ஜரீனா டிரான்சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தாவுக்குச் சளியாம்மா?" என்று கேட்டாள்.

அவர் சொன்னபடியே வந்தார். நோன்பு தொடங்குவதற்கு முன்னால், ஒரு காலையில் பெட்டியோடு சந்துக்குள் நுழைந்தார். போட்டோவில் இருந்ததை விட இளைத்திருந்தார், முடி நரைத்திருந்தது. ஜரீனா வேற்றாளைப் பார்த்ததுபோல ஓடிப்போய் சைக்கிளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அக்கா கூப்பிட்டாள், ரஹீமா கூப்பிட்டாள், மிட்டாய் காட்டினார்கள். வரவில்லை. அவர் வாசலிலேயே பெட்டியை வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு செருமிக்கொண்டு, சும்மா கேட்பதுபோல மனைவியிடம் கேட்டார்:

"சைக்கிளுக்குக் காத்து அடிச்சாச்சா?"

உள்ளே மணி ஒரு தடவை அடித்தது. சைக்கிளுக்குப் பின்னாலிருந்து ஜரீனா வெளியே வந்து அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, ரேடியோ அத்தா!" என்றாள். "இன்னும் சளி போகலை."